யார் வீட்டுக் கம்மல்?

ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில் சைரகுலின் முதுகைத் தேய்த்துக்கொண்டே பெரிஸாத் அதைச் சொன்னாள்.

"வியாழக்கிழமை காலையில எங்க வீட்டுக்கு வாங்க எஜே. நல்ல உடுப்பா போட்டுக்கிட்டு வாங்க. மெதெர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

ஏன், எதற்கு என்று சைரகுல் திரும்பிக் கேட்பதற்குள் ஒரு வாளி வெந்நீர் தலையில் கவிழ்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் ஆளைக் காணோம். நீராவிதான் நின்றது.

போன சனிக்கிழமை நடந்தது அது. இதோ, அந்த வியாழன் விடிந்துவிட்டது.

சைரகுல் மெரூன் நிற வெல்வெட் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மகள் எல்நுரா சுவரில் சாய்ந்து ஆப்பிள் கடித்தபடி வேடிக்கை பார்த்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"அக்-சூ வரைக்கும். ஒரு வீட்டுல ஜன்னல் திரைக்கு அளவெடுக்கணும்."

"வெல்வெட் கவுன் போட்டுக்கிட்டா?"

"பெரிய ஜன்னல்டி."

எல்நுரா சிரித்தாள். "அக்-சூல நமக்குத் தெரிஞ்ச ஒரே ஜன்னல் பெரிஸாத் வீட்டு ஜன்னல்தான். என்ன, மறுபடியும் சேர்ந்துட்டாங்களா?"

"யாரு?"

"ஊருல வேற யாரு இருக்காங்க, சேர்றதும் பிரியறதுமா?"

சைரகுல் கவுனைத் திருப்பிப் போட்டு இஸ்திரியை அழுத்தினாள். அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

மகன் மெதெர் பனிச்சறுக்கு மலையில் ஆட்களை மேலே ஏற்றும் கம்பிவட நாற்காலிகளுக்கு மெக்கானிக். பெரிஸாத் மாட்டு டாக்டர். ஆறு வருடமாக இருவரும் சேர்கிறார்கள், பிரிகிறார்கள். எத்தனை தடவை என்று எண்ணுவதைச் சைரகுல் எப்போதோ நிறுத்திவிட்டாள். ஒரு தடவை காரியம் கம்மல் வரைக்கும்கூடப் போனது. சைரகுலே தன் கையால் பெரிஸாத்தின் காதில் கம்மல் போட்டு நிச்சயம் பண்ணிவிட்டாள். கல்யாண மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. வசந்தம் வந்தது, பனி உருகியது, கம்மல் கைக்குட்டையில் முடிந்து திரும்பி வந்தது. இப்போது அது எல்நுராவின் காதில் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஏன் பிரிந்தார்கள்? மெதெரைக் கேட்டால், "அவளைக் கேளு" என்பான். அவளைக் கேட்டால், "உங்க பிள்ளையைக் கேளுங்க" என்பாள்.

செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி அந்தக் கேள்வி சைரகுலை உறுத்திக்கொண்டே இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. அவர்கள் பிரிந்தாலும் சைரகுலும் பெரிஸாத்தும் பிரியவில்லை. சனிக்கிழமை தவறாமல் குளியல் கூடத்தில் சந்தித்தார்கள். ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டார்கள். மெதெரோடு சேர்ந்திருக்கும் மாதங்களில் பெரிஸாத் அவளை "அம்மா" என்பாள். பிரிந்துவிட்டால் மறுநாளே "எஜே". அம்மாவிலிருந்து அக்காவுக்கு இறக்கம். உண்மையைச் சொன்னால் அக்காவாக இருக்கும்போதுதான் சைரகுலுக்கு அவளோடு சிரிக்கப் பேச நன்றாக இருந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா?

வாசலில் மெதெர் ஜீப்புக்கு அடியில் கிடந்தான். அம்மாவின் செருப்பைப் பார்த்ததும் வெளியே ஊர்ந்து வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"வேன் நிக்கிற எடம் வரைக்கும் கொண்டு விடவா?"

"வேண்டாம், வேண்டாம்." வேகமாகச் சொல்லிவிட்டோமோ என்று பட்டது.

மெதெர் அம்மாவின் கவுனைப் பார்த்தான். புதுசாகப் போட்ட உதட்டுச் சாயத்தைப் பார்த்தான். எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அவன் கெட்டிக்காரன்.

"அக்-சூ போற ரோடு தோண்டிப் போட்டிருக்கான். பின்னாடி சீட்டுல உட்காராதே, தூக்கிப் போடும்" என்றான்.

அக்-சூ என்று அவனிடம் அவள் சொல்லவே இல்லை.

வேனில் உட்கார்ந்ததும் சைரகுல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். பெரிஸாத் மறுபடி "அம்மா" என்று கூப்பிடப் போகிறாள். அதற்குத்தான் இந்த நல்ல உடுப்பு, இந்த ரகசியம் எல்லாம். வழியில் இறங்கி ஒரு கிலோ சாக்லேட் வாங்கிக்கொண்டாள்.

பெரிஸாத் வீட்டில் வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. போர்சோக் மாவுத் துண்டுகள் பொரிக்கிற எண்ணெய் வாசனை தெருவரைக்கும் வந்தது. பெரிஸாத்தின் அப்பா எசென் உயரமான வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு படியில் நின்றார். சைரகுலைக் கண்டதும் அந்தத் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டி, "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.

பெரிஸாத் அவளைக் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப் போனாள். முடியைச் சுருட்டி விட்டிருந்தாள். மாட்டுக்கு ஊசி போடுகிற அந்தக் கையில் நகப்பூச்சு.

"இப்ப வந்துருவாங்க."

"யாரு?"

"சோல்பன்-அத்தா ஊருலேர்ந்து. சமத்னு ஒருத்தர். மாட்டு மருந்துக் கடை வெச்சிருக்கார். நான் அவர்கிட்டத்தான் மருந்து வாங்குவேன். போன மாசம் கேட்டார், சரின்னுட்டேன். இன்னிக்கு அவங்கம்மா வர்றாங்க." பெரிஸாத் ஒரு நொடி நிறுத்தினாள். "கம்மல் போட."

சைரகுல் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். மடியில் சாக்லேட் பொட்டலம்.

"அதுக்கு என்னை ஏண்டி வரச் சொன்னே?"

"என் பக்கத்துல உட்கார ஒரு பொம்பளை வேணும் எஜே. அம்மா இல்ல. சித்தி ரஷ்யாவுல கெடக்கா."

"இந்த ஊருல வேற பொம்பளையே இல்லையா?"

"இருக்காங்க. அவங்க யாரும் என் முதுகு தேச்சதில்ல."

சைரகுலுக்குச் சிரிப்பு வந்தது. மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். எழுந்து போய்விடலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சமத்தின் அம்மா எப்படி இருப்பாள் என்று பார்க்காமல் போக அவளுக்கு மனம் வரவில்லை.

அடுப்புப் பக்கத்தில் மூடி வைத்திருந்த தட்டைத் திறந்து பார்த்தாள். நறுக்கிய கல்லீரலும் ஆட்டு வால்கொழுப்பும். இதை வந்தவர்கள் வாயில் ஊட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் பின்வாங்குவது லேசில்லை. தட்டை மறுபடி மூடினாள்.

வெளியே கார்க் கதவு அடிக்கும் சத்தம் கேட்டது.

சமத்தின் அம்மா தமாரா பெரிய உடம்புக்காரி. முன் பற்கள் இரண்டும் தங்கம். கூட ஒரு நாத்தனாரை மட்டும் அழைத்து வந்திருந்தாள். சைரகுல் தான் வாங்கி வந்த சாக்லேட்டையே வழக்கப்படி அவர்கள் தலைமேல் வீசி வரவேற்க வேண்டியதாயிற்று. ஒன்று தமாராவின் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அவள் அதைக் குனிந்து எடுத்து, பிரித்து, வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அந்த ஒரு காரியத்தில் சைரகுலுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதே எரிச்சலாகவும் இருந்தது.

தேநீர் ஒரு சுற்று வந்தது. ரோடு, ஏரி, ஆப்பிள் விலை எல்லாம் பேசி முடித்தார்கள்.

"தட்டைக் கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்றார் எசென்.

"இருக்கட்டும், என்ன அவசரம்?" தமாரா சைரகுல் பக்கம் திரும்பினாள். "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

எசென் இருமினார். "நெருங்கின சொந்தம்."

"நல்லதாப் போச்சு சம்பந்தியம்மா. நான் பள்ளிக்கூடத்துல வேதியியல் வாத்தியாரா இருந்தவ. எதையும் கலக்குறதுக்கு முன்னாடி பாட்டில்ல என்ன இருக்குன்னு மோந்து பாத்துருவேன். தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பொண்ணுக்கு ஒரு பையன் இருந்தானாமே? வருஷக்கணக்கா?"

"இருந்தான்" என்றாள் சைரகுல்.

"எப்படிப்பட்டவன்?"

சைரகுல் கிண்ணத்தில் இருந்த தேநீரைப் பார்த்தாள். தன் பிள்ளையைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. மெதெரை அடுத்த வீட்டுப் பையனாக நினைத்துப் பார்த்தாள்.

"நல்லவன். குடிக்க மாட்டான். எந்த மெஷினையும் பிரிச்சு மாட்டிருவான். அதிர்ந்து பேச மாட்டான். சில சமயம் பேசவே மாட்டான். சோத்துல வெங்காயம் கெடந்தா ஒதுக்கி வெச்சுருவான்."

"வெங்காயம்கூடத் தெரிஞ்சிருக்கே உங்களுக்கு!"

"சின்ன ஊரு" என்றாள் சைரகுல்.

"இவ்வளவு நல்லவனோட ஏன் ஒத்துப்போகலே?"

"தெரியலே."

காலையிலிருந்து அவள் பேசியதிலேயே கலப்படமில்லாத உண்மை அதுதான்.

"நான் சொல்றேன்."

பெரிஸாத் தேநீர்க் கெண்டியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்து, கெண்டியைக் கீழே வைத்து, விருந்து விரிப்பின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"நான் போன்னு சொன்னேன். அவன் போயிட்டான். அவ்வளவுதான்."

தமாரா புருவத்தைத் தூக்கினாள். "போகச் சொன்னா போகத்தானே செய்வான்?"

"கோவத்துல சொன்னது. முதல் தடவை, ஒரு பசு கன்னு போட முடியாமப் படாதபாடு பட்டுச்சு. நானும் பாடுபட்டேன். கன்னு செத்துப்போச்சு. இவன் வந்து, 'விடு, அடுத்த வருஷம் போடும்'னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. 'போ, என் கண்ணு முன்னால நிக்காதே'ன்னேன். கை கழுவி முடிக்கறதுக்குள்ள என் கோவம் போயிருச்சு. திரும்பிப் பாத்தா அவனும் போயிட்டான். ஒரு மாசம் எட்டிக்கூடப் பாக்கலே."

"நீ கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டேன். உடனே வந்தான். எதுவுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்து டீ குடிச்சான். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதேதான். நான் போன்னா போவான். வான்னா வருவான். ஒரே ஒரு தடவை, 'போக மாட்டேன், என்னதான்டி உனக்கு?'ன்னு நிப்பானான்னு பாத்தேன். கம்மல் போட்டப்புறமும் அப்படித்தான். மண்டபத்துக்கு யார் யாரைக் கூப்பிடறதுன்னு ஒரு சண்டை. போன்னேன். போயிட்டான். சரி, கம்மலைக் குடுத்தனுப்புவோம், அதையாவது தூக்கிட்டு வந்து கேப்பான்னு நெனச்சேன்." பெரிஸாத் கெண்டியின் மூடியைத் திறந்து மூடினாள். "வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

வாங்கி வைத்துக்கொண்டது யார்? சைரகுலின் காதோரம் சுட்டது. அந்தக் கைக்குட்டையை வாசலில் வாங்கி, ஒரு வார்த்தை கேட்காமல், அலமாரியில் வைத்தவள் அவள்தான்.

ஆனால் அவள் மனம் அந்தக் கைக்குட்டையில் நிற்கவில்லை. வேறொரு நாளுக்குப் போய்விட்டது. புருஷனை அவள் வீட்டை விட்டுப் போகச் சொன்ன நாள். அதற்கு முன்னாலும் பல தடவை சொல்லியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவன் போகவில்லை. நின்றான். நின்று, கையை ஓங்கினான். கடைசித் தடவைதான் போனான். அன்றைக்கு மெதெர் பள்ளிக்கூடத்துச் சட்டையோடு நடையில் நின்றான். குனிந்து அப்பாவின் செருப்பை எடுத்து, முனை வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தான். போட்டுக்கொண்டு போக வசதியாக.

இதை ஏன் இத்தனை வருடமாக அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை?

"அந்தப் பையனோட அம்மா என்னதான் பண்ணிக்கிட்டிருந்தா?" தமாராவின் குரல் அவளை இழுத்தது. "கம்மல் திரும்பி வந்தா ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாளா? கல்லு மாதிரி வாங்கி வெச்சுக்கிட்டாளா? எப்படிப்பட்டவ அவ?"

எசென் கூரையைப் பார்த்தார். "தட்டை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

சைரகுல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த அம்மா நான்தான்."

நாத்தனாரின் கையில் இருந்த போர்சோக் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. தமாரா சைரகுலைப் பார்த்தாள். பெரிஸாத்தைப் பார்த்தாள். மறுபடி சைரகுலைப் பார்த்தாள்.

"சம்பந்தம் பேச வந்த எடத்துல பழைய சம்பந்தியையே எம் பக்கத்துல உட்கார வெச்சு எனக்கு டீ ஊத்திக் குடுத்திருக்கீங்க" என்றாள் மெதுவாக. "யாரு இவங்களைக் கூப்பிட்டது?"

"நான்" என்றாள் பெரிஸாத்.

"ஏன்?"

"அம்மா எடத்துல யாரை உட்கார வெக்கறதுன்னு யோசிச்சேன். இவங்க மொகம்தான் வந்துச்சு. வேற ஒண்ணும் யோசிக்கலே."

"சமத்துக்கு இந்தப் பையனைப் பத்தித் தெரியுமா?"

"எல்லாம் சொல்லியிருக்கேன். இவங்களை வரச் சொன்னதை மட்டும் சொல்லலே."

"நேராக் கேக்கறேன். எம் பிள்ளையை உனக்குப் பிடிச்சிருக்கா?"

பெரிஸாத் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பிடிச்சிருக்கு. போன வாரம் மருந்து மாறி வந்துருச்சுன்னு அவரைக் கத்திட்டேன். போனை வைன்னேன். வெக்கலே. 'நீ கத்தி முடி, நான் இருக்கேன்'னார்."

சைரகுலுக்குச் சுருக்கென்றது. சமத் என்பவன் அதுவரை ஒரு பெயராகத்தான் இருந்தான். இப்போது அவனுக்கு ஒரு குரல் வந்துவிட்டது, அதுவும் நல்ல குரல்.

தமாரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்ன நீலப் பெட்டியை எடுத்தாள். பெட்டிக்குள் வெள்ளிக் கம்மல், நடுவில் பவழம். அவள் அதை மூடினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சைரகுலின் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். அன்னிக்கு நான் மாட்டுச் சந்தைக்கு இந்த ஊருக்கு வர்றேன். இந்தப் பொண்ணு சரின்னு சொல்லிட்டா, நீங்களே உங்க கையால இவ காதுல போட்டுருங்க. வேண்டாம்னா சந்தையில என்கிட்டக் குடுத்துருங்க."

"என்கிட்டயா?" சைரகுல் பெட்டியைத் திருப்பி நீட்டினாள்.

"பின்னே? என்கிட்ட இருந்தா இப்பவே மாட்டி விட்டுருவேன். பொண்ணுகிட்ட இருந்தா மொகம் பாத்துக்கிட்டு அதுவே மாட்டிக்கும். இந்த மனுஷன்கிட்ட இருந்தா தட்டோட வந்து நிப்பாரு. உங்களுக்கு ரெண்டு பக்கமும் வலிக்கும். அதனால நீங்க ஏமாத்த மாட்டீங்க."

சொல்லிவிட்டுத் தமாரா நன்றாகச் சாப்பிட்டாள். கறி நல்ல இளசு என்று பாராட்டினாள். தட்டு மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கிளம்பும்போது விருந்துச் சாப்பாட்டில் ஆளுக்கொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். சைரகுலுக்கும் ஒன்று. அவள் நீலப் பெட்டியைக் கைப்பைக்குள் அடியில் வைத்து, மேலே பொட்டலத்தை வைத்து மூடினாள்.

வாசல் வரைக்கும் பெரிஸாத் கூட வந்தாள்.

"இத்தனை சனிக்கிழமை வெந்நீர் ஊத்தினியே, ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் சைரகுல்.

"சொன்னா நீங்க அவன்கிட்டச் சொல்வீங்க. நீங்க நில்லுன்னா அவன் நிப்பான். எனக்கு அது வேண்டாம், அம்மா. அவனுக்காத் தோணி நிக்கணும்." பெரிஸாத் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவன்கிட்டச் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

அவள் "அம்மா" என்று சொன்னதை அவளே கவனிக்கவில்லை. சைரகுல் கவனித்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

வேனில் பின் சீட்டுதான் கிடைத்தது. ரோடு தூக்கித் தூக்கிப் போட்டது. பையை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கேட்கக் கூடாததைக் கேட்காமல் தெரிந்துகொள்ள என்ன வழி என்று யோசித்தபடியே வந்தாள்.

வீட்டில் மெதெர் அவளுடைய தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். எல்நுரா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் மேசைமேல் விழுந்தது. சைரகுல் பையை மேசையில் வைத்துவிட்டு மகனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"மெதெர், ஒண்ணு கேக்கறேன். உங்கப்பா போன அன்னிக்கு நீ அவரு செருப்பைத் திருப்பி வெச்சியே, ஞாபகம் இருக்கா?"

மெதெரின் கை நின்றது. எல்நுராவின் சீப்பும் நின்றது. அந்த வீட்டில் அந்த நாளைப் பற்றி யாரும் பேசியதில்லை.

"இருக்கு."

"ஏன் வெச்சே?"

அவன் ஒரு திருகாணியை விரல்களுக்கு நடுவில் உருட்டினான். பதில் வராது என்றே அவள் நினைத்தாள். வந்தது.

"நீ போன்னு சொன்னே. அவரு போகாம நின்னுருவாரோன்னு பயம். ஒவ்வொரு தடவையும் நின்னாருல்ல? நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பொம்பளை போன்னு சொன்னதுக்கப்புறமும் நிக்கிற ஆளு எப்படி இருப்பான்னு நான் பாத்திருக்கேம்மா. அப்படி ஒருத்தனா நான் இருக்க மாட்டேன்."

சைரகுலுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதை வாயால் சொல்ல வழியில்லாமல் இருந்தது. அவள் அன்று சொன்ன போ வேறு, பெரிஸாத் சொல்லும் போ வேறு. இரண்டுக்கும் ஒரே எழுத்து. இந்தப் பையன் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வான்? கேட்டால்தானே தெரியும்? அவன்தான் கேட்க மாட்டானே!

"எப்பவும் ஒரே மாதிரி..." என்று ஆரம்பித்தாள். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அழுதுவிடப் போகிறார்களோ என்று எல்நுராவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். "சரி, சரி, விருந்துச் சாப்பாடு கொண்டு வந்தியா இல்லையா?" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு பையைத் திறந்தாள். பொட்டலத்தை எடுத்தாள். அதற்கடியில் கையை விட்டாள்.

"அட! இது என்னம்மா?"

நீலப் பெட்டி அவள் உள்ளங்கையில் இருந்தது. சைரகுல் எழுவதற்குள் திறந்தும் விட்டாள். பவழம் வெயிலில் சிவந்தது.

மெதெர் பெட்டியைப் பார்த்தான். தங்கையின் காதில் ஆடும் பழைய கம்மலைப் பார்த்தான். பிறகு அம்மாவின் வெல்வெட் கவுனைப் பார்த்தான். அவன் முகம் மாறுவதைச் சைரகுல் கண்ணெதிரே பார்த்தாள். சின்ன வயசில்கூட அந்த முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

"அவளைப் பாக்கத்தான் போனியா?" என்றான். "புதுசு வாங்கிட்டியா? எனக்குச் சொல்லாமலேயா?"

"மெதெர், அது வந்து..."

"போன தடவை நீ போட்டே. அதான் சரியா வரலையோ என்னவோ." அவன் எழுந்துவிட்டான். "இந்தத் தடவை நான் எடுத்துட்டுப் போறேன். நானே கேக்கறேன்."

கூப்பிடாமல் அவன் ஒரு நாளும் அக்-சூ பக்கம் போனதில்லை. அந்த வீட்டு வாசலில் தானாகப் போய் நின்றதில்லை.

"கையைக் கழுவிட்டுப் போடா, கிரீஸ்!" என்றாள் எல்நுரா.

அவன் போய்க் கை கழுவினான். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும், நகத்துக்குள்ளேயெல்லாம் தேய்த்துக் கழுவினான். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரமும் சைரகுலுக்கு அவகாசம் இருந்தது. இது நம்முடையது இல்லை, வேறொரு வீட்டில் கொடுத்து வைத்தது என்று சொன்னால் போதும். அவன் ஒரு கேள்வி கேட்க மாட்டான். பெட்டியை மேசைமேல் வைப்பான். மெஷினுக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிடுவான். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தமாராவின் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் நம்பிக் கொடுத்த பொருள் அல்லவா?

மெதெர் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். பெட்டியை உள்பையில் வைத்து, மேலே ஒரு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

"வரட்டுமாம்மா?"

சைரகுல் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் எல்நுரா திரும்பினாள். "ஏம்மா உன் மொகம் இப்படி வெளுத்துப்போச்சு? எந்தக் கடையில வாங்கினே அதை?"

"வாங்கலேடி."

"பின்னே?"

"அது சோல்பன்-அத்தாக்காரங்க வீட்டுக் கம்மல். பெரிஸாத்துக்குப் போட இன்னிக்கு அவங்கதான் கொண்டு வந்தாங்க. வேற ஒரு பையனுக்காக."

எல்நுராவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் சீப்பை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஜீப் இன்னும் தெருக்கோடியில்தான் இருந்தது. ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே போக, மெதெர் பிரேக் போட்டுக் காத்திருந்தான். எல்நுரா வாயில் கையைக் குவித்தாள்.

பின்னால் வந்த சைரகுல் அந்தக் கையை எட்டிப் பிடித்தாள்.

"கூப்பிடாதேடி" என்றாள். "கூப்பிட்டா நின்னுருவான்."